காலி வண்டி

பாரம் ஏற்றினால் பயமில்லை என்றாள் பேராச்சி.
காலி வண்டிதான் துள்ளும்.
ஆனி மாசம், பணகுடிக் காத்து,
பின்னால ஒரு மூட்டைகூடக் கிடையாது.
அன்னைக்குத் தெரியும் சங்கதி.

எனக்கு நாற்பத்தொன்று. அவளுக்கு முப்பத்து மூன்று.
முதல் நாளே 'மயினி' என்று கூப்பிட்டுவிட்டாள்.
திட்டுவதற்கு அது வசதியாக இருந்தது.
'கிளச்சு என்ன கல்யாணத்து அம்மியா மயினி,
மிதிச்சா மிதிச்சபடி நிக்கிய?'

தாழையூத்தில் சிமெண்டு ஏற்றும் வரிசையில்
நாங்கள் மூன்று பேர், ஒரே பத்துச் சக்கர வண்டி.
மேலப்பாளையம் செய்யதம்மாளுக்குக் கால் எட்டாது:
முதுகுக்கு ஒரு தலையணை, அது போதாமல் இன்னொன்று.
ஜாஸ்லினுக்கு எல்லாம் எட்டும், ரிவர்ஸ் மட்டும் வராது.
சுவர் கிட்டே வரவர அவளுக்குச் சிரிப்பு வரும்.
பேராச்சிக்கு வரும் கோபம் அந்தச் சிரிப்புக்குத்தான்,
சுவருக்கு இல்லை.

எனக்கு வராதது நிமிர்ந்து உட்காருவது.
இருபத்திரண்டு வருஷம் பீடி சுற்றிய முதுகு.
மடியில் சுளகு, சுளகில் இலை, தூள், நூல்.
குனிந்த தலை நிமிரும்போது
தெருவில் வெயில் எதிர் வரிசைக்குப் போயிருக்கும்.
ஸ்டியரிங்கும் ஏறத்தாழ அந்தச் சுளகளவுதான்.
கை அதில் பட்டதும்
கண் தானாக உள்ளே பார்த்துக் குனிந்துவிடும்.
'அதுல என்ன கெடக்கு? ரோட்டப் பாருங்க.'
ஒரு வாரம் சொன்னாள்.
எட்டாம் நாள் சொல்லவில்லை,
நாடியில் விரலை வைத்துத் தூக்கிவிட்டாள்.

அவள் சொல்லித் தந்ததில் பாதி வண்டியைப் பற்றியதே இல்லை.
எந்த பங்கில் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் உண்டு.
எந்த எடைமேடையில் மீதிச் சில்லறை வராது.
யார் கட்டிய முடிச்சானாலும் ஒருதரம் இழுத்துப் பார்.
ராத்திரி ஓரங்கட்டினால் கேபின் விளக்கைப் போடாதே.
உனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.
கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தாள்.

இன்று என் முறை.
காவல்கிணற்றில் முந்நூற்றிருபது மூட்டையும் இறங்கிவிட்டது.
திரும்புகையில் மணி மூன்று.
பணகுடியில் காற்று இடப்பக்கம் தோள் கொடுத்து முட்டியது.
வண்டி ஒரு முழம் நகர்ந்தது;
நடுத்திட்டு அரளி கிட்டே வந்தது.
வெட்டி இழுக்கவில்லை.
ஒரு விரலளவு கொடுத்துப் பிடித்தேன்,
காற்று விட்டதும் விட்டேன்.
மறுபடி முட்டியது. மறுபடி கொடுத்தேன்.

இதை எப்படிச் செய்தேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்,
வேறு சிலதும் சேர்ந்து வந்துவிட்டது:
லைசென்சு எடுத்த அன்றிலிருந்து அவர் மூன்று நாள் பேசாதது,
நாலாம் நாள் பழகுகிற பணத்தில் கால்வாசியை
ஒன்றும் சொல்லாமல் டிவி மேல் வைத்தது,
பீடிக்கடையில் கழிவென்று தள்ளின கட்டுகளை
ஒருநாள்கூட நான் திரும்ப எண்ணிப் பார்க்காதது.

வள்ளியூர் விலக்கில், பதிலைக் காணோமே என்று திரும்பினால்
பேராச்சி தூங்குகிறாள்.
வாய் லேசாகத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு.
அவள் பக்கம் பிரேக் ஏது?
முதல் நாளிலிருந்து ஹேண்ட்பிரேக் மேலேயே இருக்கும் கை
மடியில் மல்லாந்து கிடந்தது.

எங்கிருந்து தூங்குகிறாள்? காற்றுக்கு முன்பா, பின்பா?
எழுப்பிக் கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம்.
குறுக்கே ஆடு வந்த இடத்தில்கூட
ஹாரன் அடிக்காமல்
அது ஆற அமரக் கடக்கும்வரை நின்று வந்தேன்.

நாங்குநேரி டோலில் வரிசை.
ஏர்பிரேக் சீறியதில் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.
'காத்து அடிச்சுதா?'
'அடிச்சுது.'
'ம்.'
ஜன்னல் பக்கம் சாய்ந்து துண்டை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.
துண்டுக்குள்ளிருந்து:
'மிச்சம் முக்கால்வாசி யாரு மயினி குடுத்தா?'

முன்னால் நின்ற பால் வண்டி போய்விட்டது.
பின்னால் ஹாரன்.